நூலை மூடிப் படித்தல்

கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் ஒரே பாடத்தை நாலைந்து முறை வாசித்துவிட்டு, "எல்லாம் தெரியும்" என நிறைவுகொள்வதைக் காண்கிறோம். மாணவப் பருவத்தில் நாமும் அவ்வாறே படித்தோம், தேர்வன்று விழித்தோம்!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் இதனைச் சோதித்து 2006இல் வெளியிட்டனர். நான்கு வேளையும் வாசிப்பிலேயே செலவிட்ட மாணவர், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தி நின்றனர். ஒரு வாரம் சென்றபின் அவர்கள் நினைவில் எஞ்சியதோ 40 விழுக்காடே. முதல் வேளை மட்டும் வாசித்து, மற்ற மூன்றிலும் பாராது எழுதியோருக்கு 61. இதில் வேடிக்கை, வாசித்தவர்களே தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று நம்பியிருந்தனர்!

ஆகவே பெற்றோரே, பிள்ளை நூலை மூடிவிட்டுக் கூரையை நோக்கி அமர்ந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு தாளைக் கொடுங்கள். நினைவில் உள்ளதை எழுதியபின் நூலைத் திறந்து, விடுபட்டதைத் தானே திருத்தட்டும். சில நாள் கழித்து அதனையே மீண்டும் எழுதட்டும்.