காருக்குள் ஒரு பைபாஸ்

தடா, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் உள்ள ஊர். அங்கே பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் காலை கார் கதவைத் திறக்கிறார். முன் சீட்டில் கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது. "ஏசி தண்ணீர்தான்" என்று விட்டுவிடுகிறார். சில நாளில் வழியிலேயே இன்ஜின் கொதிக்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அந்த மாத வருமானம் பட்டறைக்குப் போகிறது.

அந்த ஈரத்தை அவர் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஏசி தண்ணீருக்கு நிறம் கிடையாது. கூலண்ட் கலந்த தண்ணீர் பச்சை, சிவப்பு போன்ற ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கையில் வழுவழுக்கும். லேசாக இனிப்பு வாசனை வரும். முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் படியும்.

இன்ஜின் தண்ணீர் காருக்குள் எப்படி வந்தது? டேஷ்போர்டுக்கு உள்ளே ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் காயில். இன்ஜினின் சூடான தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போகும். இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். குளிர் ஊர்களில் இதுதான் காருக்குள் வெப்பம் தருகிறது. கூலண்ட் ஊற்றாமல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் காயில் அரிக்கும். தடா பக்கத்தில் பழவேற்காடு ஏரியே உப்பு ஏரிதான்!

புதுக் காயில் போட டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். காயில் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். தடா வெயிலில் ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்?

ஊருக்குள் போகாமல் சுற்றிப் போகும் சாலையைப் பைபாஸ் என்கிறோம். இங்கும் அதேதான். காயிலுக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் மெக்கானிக் கழற்றுவார். இன்ஜின் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கிளிப் போட்டு இறுக்குவார். முனைகளை அடைத்துவிடக் கூடாது. சில இன்ஜின்களில் அந்த வழியே தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். தோட்டத்துப் பைப்பும் உதவாது. சூட்டில் இளகிவிடும். ஹீட்டர் ஹோஸ்தான் வேண்டும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே இந்த வேலை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வடியும் கூலண்டைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அது விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும்.

பிறகு புதுக் கூலண்ட் ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிற வண்டிக்கு இது சரிப்படாது. அங்கே கண்ணாடியில் பனி படியும். ஹீட்டர் தேவைப்படும்.

ஈர விரிப்பை வெயிலில் காயவைத்துப் போடலாம். மறுபடி ஈரமானால், நிறமும் வாசனையும் இல்லாவிட்டால், அது பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான். ஏசியின் வடிகுழாயில் அடைப்பு இருக்கலாம்.