கட்டணம் மாறினால் பாதை மாறும்

ஊருக்குள் போக இரண்டு சாலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று அகலமான சுற்றுவழி. எத்தனை வண்டி வந்தாலும் 30 நிமிடம். மற்றது குறுக்குவழி; காலியாக இருந்தால் 15 நிமிடம், வண்டிகள் சேரச் சேர நேரம் கூடும். குறுக்குவழியும் 30 நிமிடத்தைத் தொடும்வரை எல்லாரும் அதில்தான் நுழைவார்கள். கடைசியில் குறுக்குவழி இருந்தும் யாருக்கும் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பொருளியல் அறிஞர் பிகூ 1920இலேயே இந்தச் சிக்கலை எழுதிவைத்தார்.

கைப்பேசி வரைபடத்தால் மட்டும் இது தீராது. அது அவரவருக்கு விரைவான வழியைக் காட்டும். நாம் நுழைவதால் பின்னால் வருகிறவருக்கு ஆகும் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காது. குறுக்குவழிக்குக் கட்டணம் வைத்துப் பாருங்கள். சுற்றுவழிக்குத் திரும்புகிறவருக்கு நட்டமில்லை, முன்பும் அவருக்கு 30 நிமிடம்தான். கட்டணம் கட்டுகிறவருக்கு நேரம் மிச்சம்.

சிங்கப்பூர் இதை 1975 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் கார் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி. அதற்கான காகித உரிமத்தைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நால்வர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. உள்ளே நுழையும் வாகனங்கள் 40 விழுக்காட்டுக்கும் அதிகமாகக் குறைந்தன. ஆனால் கட்டணம் முடியும் 9.30 மணி வரை காத்திருந்து மொத்தமாக நுழைந்தார்கள், நேரத்தை 10.15 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மையத்தைச் சுற்றிய சாலைகளிலும் நெரிசல் ஏறியது. ஒரே கட்டணம் நெரிசலை இடம் மாற்றும், நேரம் மாற்றும் என்பது அப்போதே தெரிந்துபோனது.

1998இல் வந்த மின்னியல் சாலைக் கட்டணம் இதைச் சீராக்கியது. சாலைக்கு மேலே வளைவு. அதைக் கடக்கும்போது வண்டியில் உள்ள கருவி 'பீப்' என்று ஒலித்துப் பணத்தைக் கழித்துக்கொள்ளும். இடத்துக்கு இடம், அரை மணிக்கு அரை மணி கட்டணம் வேறுபடும். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற முக்கியச் சாலைகளில் 20 முதல் 30 என்பது இலக்கு. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். இறக்குவதும் விதியில் இருப்பதுதான் இதை வெறும் வரியிலிருந்து பிரிக்கிறது என்பேன். 2020இல் கொரோனா முடக்கத்தில் சாலைகள் வெறிச்சோடியபோது கட்டணத்தையே நிறுத்திவைத்தார்கள்.

குறித்த நேரத்தில் வேலையில் நிற்க வேண்டிய எளியவருக்குப் புறப்படும் நேரத்தை மாற்ற வழியில்லை. அவருக்குப் பேருந்துதான் மாற்றுவழி. சிங்கப்பூரில் பேருந்துக்கான தனித் தடம் 1974இல் வந்தது, கட்டணம் அடுத்த ஆண்டுதான். எந்த ஊரில் இந்தக் கட்டணம் வந்தாலும் அந்த வரிசையை மாற்றக் கூடாது.