லிட்டருக்கு எவ்வளவு தரும்?

புனேயில் கோத்ரூட் பக்கம் வேதாள் டேக்டி என்றொரு குன்று இருக்கிறது. காலை நடைக்கு அதில் ஏறுகிறவர்களில் பலர் ‘ஏ.ஆர்.ஏ.ஐ. டேக்டி’ என்றுதான் சொல்வார்கள். 1966-ல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் அங்கே இருப்பதால் வந்த பெயர். கார் விளம்பரத்தில் மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வருமே, அந்த ஏ.ஆர்.ஏ.ஐ. இதுதான். மானேசரிலும், சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் மைலேஜைச் சோதித்துச் சான்று தரும் இதே வேலையைச் செய்யும் கூடங்கள் உண்டு. இருந்தாலும் எந்தக் கூடம் சான்று தந்தாலும் வாடிக்கையாளர் வாயில் அது ‘ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்’தான்.

குன்றிலிருந்து இறங்கி வடக்கே போனால் பிம்ப்ரி. 1998-ல் அறிமுகமான டாடா இண்டிகா அங்கேதான் உருவானது. இன்னும் தள்ளிப் போனால் ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ், மஹிந்திரா ஆலைகள் நிற்கும் சாக்கன். கார் செய்கிற ஊரும் அதற்கு மைலேஜ் சான்று தருகிற ஊரும் ஒன்றே. ஆனாலும் புனேக்காரர்களின் புலம்பல் மற்ற ஊர்க்காரர்கள் புலம்புவதுதான்: “கம்பெனிக்காரன் இருபத்திரண்டு என்றான், எனக்குப் பதினைந்தே வரமாட்டேன் என்கிறது.”

இதில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. அந்த எண் பிறக்கும் விதம் தெரிந்தால் புலம்பல் பாதி அடங்கும்.

மைலேஜ் சோதனையின்போது கார் சாலையில் ஓடுவதில்லை. உருளைகளின்மேல் நின்ற இடத்திலேயே ஓடும். ஆனால் உருளைக்குக் காற்றும் தெரியாது, தார்ச்சாலையும் தெரியாது. அதனால் முன்கூட்டியே காரைச் சமதளச் சாலையில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் இழக்கிறது என்று அளப்பார்கள். காற்றும் டயர் உராய்வும் சேர்ந்து காரை எவ்வளவு பிடித்து இழுக்கின்றன என்பது அதிலிருந்து கிடைக்கும். அந்த இழுவையை உருளைகளுக்குக் கொடுத்துவிட்டால் கூடத்துக்குள்ளேயே ஒரு சாலை தயார்.

அதன்மேல் ஓட்டுவதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஐரோப்பாவிலிருந்து வாங்கி நம் வேகத்துக்கு ஏற்பத் திருத்தியது. மொத்தம் 1,180 நொடி, அதாவது இருபது நிமிடத்துக்கு இருபது நொடி குறைவு. முதலில் 195 நொடிகள் கொண்ட ஒரு நகர ஓட்டம் நான்கு முறை. பிறகு 400 நொடி நெடுஞ்சாலை ஓட்டம். நகர ஓட்டத்தில் உச்ச வேகம் 50, சராசரி வேகம் சுமார் 19 கி.மீ. ஒவ்வொரு 195 நொடியிலும் 60 நொடி கார் சும்மா நின்று உறுமும். நெடுஞ்சாலைப் பகுதியில் உச்சம் 90; ஐரோப்பியர்களின் அந்தப் பழைய அட்டவணையில் அது 120 வரை போனது. எந்த நொடியில் எந்த கியர், என்ன வேகம் என்பதெல்லாம் எழுதி வைத்தது. ஓட்டுநர் திரையில் நகரும் கோட்டைவிட்டு விலகாமல் பின்தொடர வேண்டும்.

எரிபொருளைப் பெரும்பாலும் டேங்கில் அளப்பதில்லை, புகையில் அளக்கிறார்கள். புகைக்குழாயிலிருந்து வருவதைக் காற்றோடு கலந்து பைகளில் பிடித்து, கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் மூன்றையும் கணக்கிடுவார்கள். வெளியே வந்த கார்பன் எல்லாம் பெட்ரோலாக உள்ளே போனதுதானே? ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. எரிந்தபின் அது சுமார் 2.3 கிலோ கரியமில வாயுவாகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்ஸிஜன். புகையை எடை போட்டால் குடித்த பெட்ரோல் தெரிந்துவிடும்.

இனி அந்த அட்டவணையில் என்ன இல்லை என்று பாருங்கள். ஏசி அணைந்திருக்கும். வண்டிக்குள் ஏறத்தாழ இரண்டு பேர் எடைதான். பாட்டியும் டிக்கி நிறைய மூட்டைகளும் கிடையாது. மேடு பள்ளம் இல்லை. பூஜ்யத்திலிருந்து 50-ஐ எட்ட 26 நொடி எடுத்துக்கொள்ளலாம். கர்வே சாலையில் பச்சை விழுந்ததும் அந்த நிதானத்தில் கிளம்பிப் பாருங்கள், பின்னால் நிற்கும் ரிக்‌ஷாக்காரர் நம் பரம்பரையையே மராத்தியில் விசாரிப்பார். 2023 ஏப்ரலிலிருந்து புதிய கார்களின் நச்சுப் புகையை நிஜச் சாலையிலும் கருவி கட்டி அளக்கிறார்கள். ஆனால் விளம்பரத்துக்கு வரும் மைலேஜ் எண் கூடத்தில் பிறந்ததுதான்.

ஆகவே அது வாக்குறுதி அல்ல. ஒரே நிலைமையில் இரண்டு கார்களை ஒப்பிட உதவும் அளவு. கடையில் ஒன்று 22, இன்னொன்று 18 என்றால் முதல் கார் உங்கள் கையிலும் பெரும்பாலும் கூடுதலாகத்தான் தரும். எவ்வளவு தரும் என்பதைத் தெருவும் உங்கள் வலது காலும் சேர்ந்து முடிவு செய்யும்.

தெருவின் பங்கை நாம் மாற்ற முடியாது. மாலையில் ஹிஞ்ஜவடி ஐ.டி. பூங்காவிலிருந்து வெளியேறுகிற கார் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து கி.மீ. வேகத்தில் காரை நகர்த்தத் தேவைப்படும் சக்தியைவிட ஏசி கம்ப்ரெஸர் கேட்கும் சக்தி அதிகம். நெரிசலில் நாம் எரிக்கும் பெட்ரோலில் பெரும்பங்கு பயணத்துக்கே போவதில்லை. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டு கி.மீ. ஓடி அணைக்கிற கார்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. எஞ்சின் சூடேறும்வரை கூடுதல் பெட்ரோல் ஊற்றித்தான் ஓடும். சூடேறும் நேரத்தில் வீடு வந்துவிடும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்கில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். இதிலும் புனேக்குப் பங்கு உண்டு: சுற்றிலும் கரும்பு வயல்கள், மாஞ்சரியில் வசந்த்தாதா சர்க்கரை ஆய்வு நிறுவனம், எத்தனால் ஆலைகளை வடிவமைக்கும் பிராஜ் நிறுவனம். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதக் கலப்புக்கென வடிவமைக்காத பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. உங்கள் கார் 2023-க்கு முந்தையது என்றால் இந்த இழப்புக்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

நம் கையில் இருப்பவற்றுள் முதலாவது கால். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறுவது. மும்பை விரைவுச்சாலையில் 80-ல் போகிற காரை 100-க்குக் கொண்டுபோனால் அதைத் தடுக்கும் காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஊருக்குள் செலவு வேறு விதம்: சிக்னல் சிவப்பாவது தெரிந்தும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் போய் அதே வேகத்தை பிரேக்கில் கொன்றுவிடுவது. ஒவ்வொரு பிரேக்கும் காசு கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கி வீசுவதுதான். அரை கிளட்சில் காரை மேட்டில் நிறுத்திப் பிடிப்பவர்களுக்குக் கிளட்ச் பிளேட் செலவு தனி. ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

டயர் காற்றைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்வார்கள். ஐந்து பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் இழப்பு சுமார் ஒரு சதவீதம்தான். ஆபத்து மைலேஜில் இல்லை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்ந்து சூடேறும். கோடை மதியம், ஐந்து பேர், கான்கிரீட் விரைவுச்சாலை, நூறு கி.மீ. வேகம்: டயர் வெடிப்பதற்கு இதைவிடச் சாதகமான சூழ்நிலை வேண்டாம். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் இருக்கும், முழுச் சுமைக்குத் தனி எண்ணோடு. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்து அளங்கள். நைட்ரஜன் அடிக்கச் சொல்லி வற்புறுத்தும் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு சாதாரணக் காற்றையே அடிக்கச் சொல்லுங்கள். டயரின் வயது அதன் பக்கச்சுவரிலேயே நான்கு இலக்கத்தில் இருக்கிறது: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

எஞ்சின் ஆயில், கூலண்ட் பற்றி கையேடு சொல்வதே போதும். குறிப்பிட்ட கி.மீ. அல்லது குறிப்பிட்ட காலம், எது முன்னால் வருகிறதோ அது. வார இறுதியில் மட்டும் ஓடும் கார்களின் உரிமையாளர்கள் இரண்டாவது பாதியைப் படிப்பதில்லை. ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்ப்பரேட்டர் காலத்து அறிவு. இப்போதைய எஞ்சினில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் கணினி குறைத்துவிடும், குறைவது இழுவைதான். அதற்காக மாற்றாமல் விட வேண்டாம், அற்புதத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

உங்கள் காரின் உண்மை எண் தெரிய வேண்டுமானால் முழு டேங்க் கணக்குதான் வழி. பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முந்நூறு, நானூறு கி.மீ. ஓடியபின் அதே பங்கில் மறுபடி அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். ஒருமுறை எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. தொடர்ந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாதை மாறாமல், பருவம் மாறாமல் எண் மட்டும் சட்டென்று விழுந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், ஏதோ ஒரு சென்சார் பழுதாகியிருக்கலாம். எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.

மைலேஜ் ஆசை உயிரைக் குடிக்கும் இடம் ஒன்றும் புனேயில் இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் புதிய காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டினால் நவலே பாலம்வரை நீண்ட இறக்கம். 2022 நவம்பர் 20 இரவு அதில் இறங்கிய ஒரு லாரி இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்து நொறுக்கியது. டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் வந்தார் என்றது காவல்துறையின் முதற்கட்ட விசாரணை. அந்தச் சரிவில் நடந்த விபத்துகளில் அது முதலும் அல்ல, கடைசியும் அல்ல.

காரோட்டிகளிலும் இறக்கத்தில் நியூட்ரலில் உருளும் பழக்கம் உள்ளவர்கள் ஏராளம். கார்ப்பரேட்டர் வண்டியில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய எஞ்சினில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக மறுபடி பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது. காட் எனப்படும் மலைப்பாதை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் செலவுதான். லேசான சரிவில் கார் கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டிய சரிவில் அந்த லாபமும் இல்லை.

எஞ்சினையே அணைத்தால் நிலைமை இன்னும் மோசம். பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அதன்பின் பெடல் கல்லாகும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

கண்டாலா மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்கும் காரின் எடை 1,300 கிலோ, இறக்கம் 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து விடுபடும் ஆற்றல் இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் தின்னும். மிச்சத்தை எஞ்சின் ஏற்கவில்லை என்றால் பிரேக் டிஸ்க்குகள்தான் ஏற்க வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியிலும் கீழ் கியருக்குப் போக ஒரு வசதி பெரும்பாலும் இருக்கும், கையேட்டில் தேடுங்கள்.

சூடான பிரேக்குக்குப் பின்னால் பிரேக் ஆயில் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கலாம். காட் பாதையில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் எஞ்சின் ஆயிலைக் கேட்டு மாற்றுகிற நாம் இதைக் கேட்பதில்லை. அடுத்த சர்வீஸில் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால், மகாபலேஷ்வரோ ஊட்டியோ கிளம்பும் முன் மாற்றச் சொல்லுங்கள்.