மாரி வந்ததும் தலை சாயும் கதிர்கள்

பாலமுனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நெற்கதிர், பன், தென்னம்பாளை என்று காயவைத்து, வீட்டு அலங்காரத்துக்காக இணையத்தில் விற்கிறாராம். கச்சான் காலத்தில் விறைத்து நின்ற கதிர்கள் மாரி பிறந்ததும் தொய்ந்துவிட்டன. ‘ஆயுளுக்கும் அப்படியே இருக்கும்’ என்று விளம்பரம் போடுகிறவர்கள் என்ன மருந்து பூசுகிறார்கள் என்று கேட்கிறார்.

அப்படியொரு மருந்து கிடையாது. காற்றில் ஈரமில்லாத இடத்துக்கு மட்டும் பொருந்தும் வாக்குறுதி அது.

பச்சைத் தண்டை நிமிர்த்தி வைப்பதில் பெரும்பங்கு கலங்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்துக்கு. காயும்போது அது குறைந்து, தண்டு துவளும். பிறகு நடப்பதுதான் என்னைக் கிறங்கடிக்கிறது. கலச்சுவரில் செலுலோசுச் சங்கிலிகளுக்கிடையே இருந்த நீர் மூலக்கூறுகள் வெளியேற வெளியேற, அந்தச் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எந்த நிலையில் பிடித்தனவோ, அதுவே தண்டின் வடிவம். தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைப்பது இதற்காகத்தான். புவியீர்ப்பு கதிரை நேராக இழுத்துக்கொண்டிருக்கும்போதே பிணைப்புகள் பூட்டிக்கொள்ளும்.

மருதமுனைச் சாரனை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியும் செலுலோசுதான். தண்ணீர் தெளித்தால் பழைய பிணைப்புகள் தளரும். அயன் சூட்டில் நீர் பறந்ததும் மடிப்பு புதுப் பிணைப்புகளோடு நிலைக்கும். கதிருக்கு அயன் பிடிப்பது புவியீர்ப்பு. சாரனுக்குக் கஞ்சி எப்படியோ, தண்டுக்கு லிக்னின் அப்படி; கஞ்சியைப் போல அது நீரில் கரைவதில்லை என்பது மட்டும் வித்தியாசம். ‘இயற்கை’ என்ற பெயரில் விலைபோகும் பால்வெள்ளைக் கிளைகள் பலவும் இரசாயனத்தால் வெளிற்றப்பட்டவை. நிறத்தோடு லிக்னினும் ஓரளவு கழன்றுவிடும். வெள்ளைக்காக வலுவை இழக்கும் இந்த வியாபாரத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மாரியில் நடப்பது இதன் மறுபக்கம். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருந்தாலே, பருத்தி தன் உலர் நிறையில் 7 முதல் 8 சதவீதம் நீரை வைத்திருக்கும். மழைநாளில் இன்னும் ஏறும். ஏறும் நீர் பூட்டைத் தளர்த்த, கழுத்தில் மணிகளின் பாரம் தாங்காமல் கதிர் சாய்கிறது. கிளிசரின் ஏற்றச் சொல்வார்கள். அது நீரின் இடத்தில் ஆவியாகாமல் தங்கி இலையை மென்மையாக வைத்திருக்கும். ஆனால் தானே ஈரத்தை இழுக்கும் பொருள். நம் கரையோர மாரியில் இலை வியர்த்து ஒட்டும்.

வரலாறு கொஞ்சம். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில், ஒலிவ இலைகள் கோத்த மாலை மூவாயிரம் ஆண்டு கடந்தும் இருந்தது. அங்கிருந்த வறட்சி செய்த வேலை. உலர்மலர் ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியும் மழை குறைந்த துறைமுக ஊர்தான்.

ஆகவே சகோதரி, கச்சான் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். கட்டுவதற்கு நூல் வேண்டாம், ரப்பர் வளையம் போடுங்கள். காயும் தண்டு மெலியும்போது நூல் தளர்ந்து கட்டு சரிந்துவிடும், ரப்பர் கூடவே இறுகும். காய்ந்த அன்றே காற்றுப்புகாமல் பொதி செய்யுங்கள். கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருக்கும் இராவணன் மீசைப் புல்லைப் பிடுங்காதீர்கள். கழன்று கரையில் உருளும் முட்பந்துகளே விற்பனைக்குப் போதும். வாங்குபவரிடம் ‘மாரியில் தொய்யும்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். தொய்ந்ததைக் கேத்தல் ஆவியில் காட்டி, நிமிர்த்தி, வெயில் வந்ததும் மறுபடி தலைகீழாகத் தொங்கவிடலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் வீசிவிட வேண்டும்.