தொற்றுக் காலப் பயண விதிகளும் யாழ்ப்பாணத்துக்கு வந்தோரும்

கொவிட்-19 பெருந்தொற்றின்போது இலங்கைக்குள் நுழைவோர்மீது விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகள் 2022 டிசெம்பரில் நீக்கப்பட்டன. இன்று கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ வந்திறங்கும் ஒருவரிடம் தடுப்பூசி அட்டையையோ பி.சி.ஆர். அறிக்கையையோ எவரும் கேட்பதில்லை. முடிந்துபோன விடயத்தை இப்போது கிளறுவானேன் என வாசகர்கள் வினவக்கூடும். அவ்விதிகள் யாரை மனதிற்கொண்டு ஆக்கப்பட்டன, யாரை மறந்து ஆக்கப்பட்டன என்பது நம் மத்தியில் போதிய அளவு ஆராயப்படவில்லை. இன்னொரு தொற்று வருமாயின் அதிகாரிகள் முதலில் தேடியெடுக்கப் போவது பழைய சுற்றறிக்கைகளைத்தான் என்பதனாலேயே இதனை இங்கு எழுதுகின்றோம்.

யாழ். குடாநாட்டுக்கு வெளிநாடுகளிலிருந்து வருவோரில் பெரும் பகுதியினர் கடலையும் கோட்டையையும் பார்க்க வருபவர்களல்லர். கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளில் வாழும் நம்மவர்களே அவர்கள். சகோதரியின் திருமணம், தந்தையின் அந்தியேட்டி, நல்லூர்த் திருவிழா, நோயுற்ற தாயின் முகம் ஆகியனவே அவர்களை அழைத்து வருகின்றன. கையிலிருக்கும் கடவுச்சீட்டு அந்நிய நாட்டினுடையது. போய்ச்சேரும் வீடோ பிறந்த வீடு. ஆனால் தொற்றுக் கால விதிகளை ஆக்கியோர் இருவகை மனிதரை மாத்திரமே கண்டனர். ஒருவர் நாடு திரும்பும் பிரஜை. மற்றவர் சுற்றுலாப் பயணி. இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றோர் முதல் வகையில் ஒருவாறு இடம்பிடித்தனர். அதனைப் பெறாத ஏனையோர் தாயைப் பார்க்க வந்தபோதிலும் உல்லாசப் பயணிகளாகவே கொள்ளப்பட்டனர்.

ஆரம்பத்தில் அரசாங்கம் கைக்கொண்டது நாடுகளின் பட்டியல் முறையாகும். 2020 மார்ச் 10 ஆம் திகதி முதல் இத்தாலி, தென்கொரியா, ஈரான் ஆகியவற்றிலிருந்து வந்தோர் புனாணை, கந்தக்காடு ஆகிய இடங்களிலிருந்த தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். சுவிற்சர்லாந்தின் பெயர் பின்னரே பட்டியலில் ஏறியது. அந்த இடைவெளியில் அங்கிருந்து வந்திருந்த மதபோதகர் ஒருவர் மார்ச் 15 ஆம் திகதி அரியாலையில் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பிச் சென்றார். அதன் பின்னரே அவருக்குத் தொற்று உறுதியாயிற்று. மார்ச் 22 ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் முதலாவது தொற்றாளர் அடையாளங் காணப்பட்டார். அன்று பழி முழுவதும் ஒரு மனிதர்மீதும் ஒரு சபையின் மீதும் சுமத்தப்பட்டது. நோய் எங்கு பரவியிருக்கின்றது என்பதைப் பட்டியல் எப்போதும் சில நாட்கள் பிந்தியே அறியும் என்ற குறைபாட்டைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

ஊரடங்குச் சட்டம் மார்ச் 20 மாலை நாடு முழுவதற்கும் பிறப்பிக்கப்பட்டது. ஏனைய மாவட்டங்களில் அது இடையிடையே தளர்த்தப்பட்டபோதும், கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, புத்தளம், யாழ்ப்பாணம் ஆகிய ஆறும் அபாய வலயங்களாகத் தொடர்ந்தன. இதில் புத்தளமும் யாழ்ப்பாணமும் ஒருங்கே மூடப்பட்டதன் கனத்தை நாட்டின் பிற பகுதியினர் உணர்ந்திருப்பார்களா என்பது ஐயமே. 1990 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலேயே குடியமர்ந்தனர். சோனகத் தெருப் பக்கத்தில் கடையும் புத்தளத்தில் குடும்பமுமாக வாழ்வோர் அவர்களிடையே உள்ளனர். வருமானம் ஒரு மாவட்டத்திலும் மனைவி மக்கள் மற்றொரு மாவட்டத்திலும் இருக்க, இரண்டும் மூடப்பட்டால் அத்தகைய குடும்பம் என்ன செய்யும்? விதியில் அதற்கு விடை இருக்கவில்லை.

இனி நாட்டின் வாசல் மீண்டும் திறக்கப்பட்ட விதத்தைக் கவனிப்போம். 2020 டிசெம்பர் இறுதியில் உக்ரேன் நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பரீட்சார்த்தமாக மத்தள விமான நிலையத்தினூடாக அழைத்துவரப்பட்டனர். 2021 ஜனவரி 21 இல் விமான நிலையங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. புறப்படுவதற்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் செய்த பி.சி.ஆர். பரிசோதனை, 12 டொலர் செலுத்திப் பெறும் 50,000 டொலர் பெறுமதியான கட்டாயக் காப்புறுதி, அங்கீகரிக்கப்பட்ட விடுதியில் 14 நாள் தங்குதல், அக்காலத்துள் மேலும் பரிசோதனைகள், உள்ளூர் மக்களுடன் கலவாது குறித்த இடங்களை மட்டும் பார்வையிடல் என்பன நிபந்தனைகள். ‘பயோ பபிள்’ எனப்பட்ட இவ்வளையம் கடற்கரை விடுதிக்கு வருவோருக்கு ஏற்றதே. அதனை நாம் குறை கூறவில்லை. மூன்று வார விடுமுறையில் வந்து, அதில் இரண்டு வாரத்தை விடுதி அறையில் கழித்து, எஞ்சிய நாட்களில் வல்வெட்டித்துறைக்கோ சாவகச்சேரிக்கோ போய்ச் சேரவேண்டியவருக்கு அது எவ்விதத்தில் பொருந்தும்? உள்ளூர் மக்களுடன் கலவாதிருத்தல் என்பதுதான் நிபந்தனை. அவர் வந்ததோ அந்த உள்ளூர் மக்களைக் காண்பதற்கே.

கொழும்பின் வாசல் திறந்தபோதும் பலாலியின் வாசல் திறக்கவில்லை. 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. 2020 மார்ச்சில் அது நின்றது. மீண்டும் விமானம் இறங்கியது 2022 டிசெம்பர் 12 ஆம் திகதியன்று. இவ்வளவு தாமதத்துக்கும் தொற்றை மட்டும் காரணங் காட்டுதல் பொருந்தாது. கட்டுநாயக்காவில் செய்யக்கூடிய பரிசோதனையைப் பலாலியில் செய்ய முடியாதென்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை; யாழ். மருத்துவ பீட ஆய்வுகூடம் பி.சி.ஆர். பரிசோதனைகளை முதல் அலையின்போதே செய்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் வரக்கூடியவர்கள் கொழும்பில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தரைவழியாக வரவேண்டியிருந்தது.

அந்தத் தரைவழியிலும் தடைகள் இருந்தன. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடைக் கொத்தணிகள் தோன்றியதும், மேல் மாகாணத்திலிருந்து வருவோர் தம்மைப் பதிவு செய்து வீட்டில் தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டனர். 2021 மே முதல் ஒக்டோபர் வரையிலான காலத்தின் பெரும் பகுதியில் மாகாணங்களுக்கிடையிலான பயணம் தடைசெய்யப்பட்டிருந்தது. அதே காலத்தில் மேற்கூறிய வளையத்துக்குள் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு விலக்களிக்கப்பட்டமை மக்களின் மனக்கசப்பைக் கூட்டிற்று. போதாக்குறைக்கு, தனிமைப்படுத்தல் பணி இராணுவத்தின் பொறுப்பிலும் இருந்தது. வடக்குக்குச் செல்லும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டுமென 2014 ஒக்டோபரில் விதிக்கப்பட்டு, 2015 ஜனவரியில் அந்த விதி நீக்கப்பட்டதை நம் மக்கள் மறந்திருக்கவில்லை. ஆகவே சுகாதார அனுமதியையும் அவர்கள் பாதுகாப்பு அனுமதியாகவே வாசித்தனர். வீட்டுக்கு வீடு சென்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்மீது மக்கள் வைத்த நம்பிக்கையே குடாநாட்டைப் பெருமளவு காத்தது என்பது நமது கருத்து.

பயணக் கட்டுப்பாடு உயிரோடிருந்தவர்களுடன் நின்றுவிடவில்லை. 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி, தொற்றினால் இறந்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கிற்று. நல்லடக்கமும் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் முந்திய மாதமே கூறியிருந்தது. டிசெம்பரில் பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25 இல் அடக்கம் அனுமதிக்கப்பட்டபோது, அதற்குரிய இடமாக இரணைதீவு அறிவிக்கப்பட்டது. கடற்படை வசமிருந்த தமது தீவுக்கு 2018 இல்தான் போராடித் திரும்பியிருந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்தனர். ஒரு சமூகத்தின் துயரத்தை மற்றொரு சமூகத்தின் வாசலில் கொண்டுபோய் வைத்த இம்முடிவு தற்செயலானதென நம்புவது கடினம். பின்னர் ஓட்டமாவடி தெரிவாயிற்று. மார்ச் 5 முதல் நாட்டின் எந்த மூலையில் ஒரு முஸ்லிம் இத்தொற்றால் மௌத்தானாலும், ஜனாஸா ஊரின் மையவாடியைத் தாண்டிக் கிழக்குக்குப் போகவேண்டியதாயிற்று. மாகாண எல்லை கடக்க முடியாத உறவினருக்கு அந்த மண்ணும் எட்டாது போயிற்று. சொந்த ஊரில் அடக்குவதற்கு 2022 மார்ச்சிலேயே அனுமதி கிடைத்தது. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோருவதற்கு அமைச்சரவை 2024 ஜூலையில் அங்கீகாரம் வழங்கியமை குறிப்பிடத்தக்கது.

இத்தனைக்கும் அடிப்படையாக அமைந்தது 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். பம்பாயில் கொள்ளைநோய் பரவியிருந்த காலத்தில் பிறந்த சட்டம் அது. பின்னாளில் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டனர். வருபவரை உறவினராகவன்றிக் கூலியாகவோ பயணியாகவோ நோக்கும் மனப்பாங்கு அக்காலத்தது.

வேண்டப்படுவது பெரிதல்ல. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் உறவினரிடம் வருவோருக்குத் தனிவகை ஒன்று, பரிசோதனையின் பின் வீட்டிலேயே தனித்திருக்கும் ஏற்பாடு, மரணச் சடங்குக்கும் ஜனாஸாவுக்கும் செல்வோருக்கு மாவட்ட எல்லையில் விலக்கு, பலாலியிலும் காங்கேசன்துறையிலும் நிரந்தரச் சுகாதாரப் பிரிவு ஆகியன முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இதற்குப் புதிய சட்டமும் அவசியமில்லை. இறந்த உடலை எரிக்க வேண்டுமென ஒரே வர்த்தமானியில் விதித்ததும், பின்னர் அதனை மாற்றியதும் அதே பழைய கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைச்சர் வெளியிட்ட ஒழுங்குவிதிகள்தாம்.