களையெடுக்கும்போதே கீரை பறிக்கலாம்: அடையாளம் பார்த்துச் சமையுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் மழை பெய்ததும் கேழ்வரகு, சாமை, நிலக்கடலை வயல்களில் பயிரோடு களைகளும் முளைக்கும். பிடுங்கி வரப்பில் எறியும் இந்தக் களைகளில் பல, களிக்குக் கடைந்து சாப்பிட ஏற்ற நல்ல கீரைகள். ஆனால் கீரைப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். எனவே பெயரை மட்டும் நம்பாமல் செடியின் அடையாளத்தைப் பாருங்கள்.

உண்ணக்கூடிய களைகள்

* பண்ணைக்கீரை: ஈட்டி போல் நீண்ட இலை. பூங்கதிர் முதலில் இளஞ்சிவப்பாக இருந்து, பிறகு வெள்ளையாகும்.
* தொய்யக்கீரை: கூரிய நுனியுள்ள இலை. நீண்ட மெல்லிய காம்பில் சிறு இளஞ்சிவப்புப் பூக்கள்.
* குப்பைக்கீரை: தண்டில் முள் இருக்காது. இலை நுனி லேசாகப் பிளந்திருக்கும். இலையடியில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதன் இளந்தளிரையும் சமைக்கலாம்.
* பருப்புக்கீரை: சாறுள்ள சிவந்த தண்டு, தடித்த சிறு இலை, மஞ்சள் பூ. தண்டை ஒடித்தால் பால் வராது. பால் வந்தால் அது வேறு செடி, விட்டுவிடுங்கள்.
* கானாவாழை: தரையில் படரும், நீலப்பூ பூக்கும்.
* மூக்கிரட்டை: இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். மெல்லிய காம்புகளின் நுனியில் மிகச்சிறிய ஊதா கலந்த சிவப்புப் பூக்கள். இதைப் போலவே படரும் சாரணையில் பூ இலைக்கணுவிலேயே ஒட்டியிருக்கும்.

தொடக்கூடாதவை

பார்த்தீனியத்தின் இளஞ்செடி கேரட் இலை போலிருக்கும். தோலில் பட்டாலே சிலருக்கு அரிப்பும் புண்ணும் வரும். ஊமத்தையின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அதன் இளஞ்செடி கீரையோடு கலந்துவிடாமல், ஒவ்வொரு செடியாகப் பார்த்து ஆய்ந்தெடுங்கள். கசக்கினால் கெட்ட வாடை வரும் செடியைச் சேர்க்காதீர்கள்.

எந்த வயலில் பறிக்கக் கூடாது?

மக்காச்சோளத்துக்கு அட்ரசின், நிலக்கடலைக்கு பெண்டிமெத்தலின், கேழ்வரகுக்கு 2,4-டி எனக் களைக்கொல்லி எதைப் பயன்படுத்தியிருந்தாலும், அந்தப் பருவம் முழுவதும் அந்த வயலில் கீரை பறிக்காதீர்கள். மருந்துக்குத் தப்பிப் பச்சையாக நிற்கும் களையிலும் மருந்து இருக்கலாம். பூச்சிமருந்து அடித்த தக்காளி, பருத்தி வயல்களுக்கும் அவற்றின் வரப்புகளுக்கும் இதே விதிதான். களையெடுக்க வரும் பெண்களிடம் மருந்து அடித்ததை முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் மடியில் கட்டிச் செல்வது வீட்டுக் குழந்தைகளின் தட்டுக்குப் போகிறது.

யூரியா மேலுரம் இட்டவுடனும் பறிக்க வேண்டாம். இலையில் நைட்ரேட் அதிகம் சேரும்; கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

சமைக்கும் முறை

பூக்கும் முன் இளந்தளிராகப் பறித்து, மண் போக மூன்று நான்கு முறை அலசுங்கள். பருப்புக்கீரை, சாரணை, குப்பைக்கீரையில் ஆக்சலேட் உண்டு. நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைந்தால் அது குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்கவும்.

கீரைக்காகக் களையை விட்டுவைக்காதீர்கள்

கேழ்வரகில் 15-20 நாளிலும் நிலக்கடலையில் 20-25 நாளிலும் முதல் களையெடுப்பு வரும். கீரை இளசாக இருப்பதும் அப்போதுதான். வயலில் விட்டுவைத்தால் பயிரின் நீரையும் உரத்தையும் எடுத்துக்கொண்டு, விதை உதிர்த்து அடுத்த ஆண்டும் தொல்லை தரும்.

செடியில் சந்தேகம் இருந்தால் சாப்பிடாதீர்கள். பூவும் வேரும் இருக்கும்படி பிடுங்கி, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள்.