நீலத் துளி, மஞ்சள் துளி

ரத்த தான முகாமில் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் வைப்பார்கள். ஒரு சொட்டோடு நீலத் துளி, இன்னொன்றோடு மஞ்சள் துளி கலப்பார்கள். நீலத்தில் மட்டும் ரத்தம் கட்டிகட்டியாகத் திரண்டால் ஏ குரூப். மஞ்சளில் மட்டும் திரண்டால் பி. இரண்டிலும் திரண்டால் ஏபி, எதிலும் திரளாவிட்டால் ஓ. நிறமில்லாத மூன்றாவது துளி, பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லிவிடும்.

அந்தத் துளிகளில் இருப்பது ஆன்டிபாடி. முன்பெல்லாம் இதை மனித ரத்தத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். ஆளுக்கு ஆள் வீரியம் மாறும். குரூப் தப்பினால் உயிருக்கே ஆபத்து என்கிற இடத்தில், இது சின்னச் சிக்கல் இல்லை.

விடை வந்தது கேம்பிரிட்ஜிலிருந்து. அர்ஜென்டினாவில் பிறந்த செசார் மில்ஸ்டீனும், ஜெர்மனிக்காரரான ஜார்ஜ் கோலரும் அங்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தார்கள். ஆன்டிபாடி சுரக்கும் செல் ஒவ்வொன்றும் ஒரே வகையைத்தான் சுரக்கும். ஆனால் உடலைவிட்டு வெளியே எடுத்தால் சில நாட்களில் செத்துவிடும். புற்றுநோய் செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே போகும். இரண்டையும் ஒட்டிவிட்டால்?

ஆட்டு ரத்த அணுக்களை எலிக்கு ஊசி போட்டு, அதன் மண்ணீரல் செல்களைப் புற்றுநோய் செல்களோடு இணைத்தார் கோலர். ஒட்டாத புற்றுநோய் செல்கள் பிழைக்க முடியாத திரவத்தில் வளர்த்ததால், ஒட்டியவை மட்டும் மிஞ்சின. முடிவைப் பார்க்க, பொழுது போகாதே என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு இரவில் ஆய்வகத்துக்குப் போனார். தட்டில் செல் கூட்டங்களைச் சுற்றி வளையம் வளையமாகத் தெளிந்திருந்தது. மனைவிக்கு அங்கேயே ஒரு முத்தம்!

1975-ல் கட்டுரை வெளியானது. காப்புரிமை மட்டும் வாங்கப்படவில்லை. கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் செல்களை அனுப்பிவைத்தார் மில்ஸ்டீன். அப்படி வாங்கிய செல்களை வைத்தே அமெரிக்காவில் சிலர் காப்புரிமை எடுத்தபோது, பிரிட்டனில் பெரிய சர்ச்சையே கிளம்பியது. 1984-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, நீல்ஸ் ஜெர்னேயுடன் சேர்த்து.

காப்புரிமை இருந்திருந்தால் இந்த முறை இவ்வளவு வேகமாகப் பரவியிருக்குமா என்பது சந்தேகம்தான். இன்று மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும் இதே ஆன்டிபாடிதான் ஒட்டியிருக்கிறது. சிறுநீரில் கர்ப்ப ஹார்மோன் இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தி, அந்த இரண்டாவது கோட்டைக் காட்டுவது அதுவே.